ஆயுதம் தந்தவன் யார்? அழிந்தது யார்?

 

1989 பிப்ரவரியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியபோது தக்பீர் முழங்கினோம். அமெரிக்காவும் சவூதியும் கொடுத்த ஆயுதமும் பணமும் பாகிஸ்தான் உளவுத்துறை வழியாக ஏழு கட்சிகளுக்குப் பங்கு வைக்கப்பட்டதை எண்ணிப் பார்த்தோமா? ஏழு தலைமை, ஏழு படை! 1992 ஏப்ரலில் நஜீபுல்லாஹ் ஆட்சி வீழ்ந்ததும் அவர்களின் பீரங்கிகள் ஒருவரையொருவர் நோக்கித் திரும்பின. சிதைந்தது காபூல்! 1993 மார்ச்சில் இஸ்லாமாபாத்தில் ஒப்பந்தம் செய்து, புனித மக்காவுக்கே சென்று உறுதி கொடுத்தார்கள். 1994 ஜனவரி முதல் நாளே மீண்டும் குண்டு மழை! சுட்டவனும் கலிமா சொன்னவன். செத்தவனும் கலிமா சொன்னவன்.

அந்நியன் மீது மட்டும் பழி போட்டுத் தப்பிவிட முடியுமா? அவன் தந்தது ஆயுதம், பிளவு நம்முடையது. ஒற்றுமையை எந்த வல்லரசும் இனாமாகத் தராது.

சிந்திப்பீர்களா?