பாதியில் திரும்பும் வாக்கியம்



நாம் இன்று நினைவுகூரும் தோழர் வாழ்நாளெல்லாம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவர். எனவே ஒரு புகாரில் வந்த ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயுடன் காவல் நிலையம் போயிருந்தேன். அவர் மகனை அடித்திருந்தார்கள். அந்த அம்மா சொன்னார்: “கொழாய்ல தண்ணி புடிக்கப் போன எம் புள்ளைய... அந்தக் கொழாய் யாரு ஊட்டுச் சொத்து சார்?”

‘புள்ளைய’ என்று தொடங்கினால் ‘அடிச்சாங்க’ என்று முடிய வேண்டும். முடியவில்லை. பயனிலை வர வேண்டிய இடத்தில் ஒரு கேள்வி வந்து நின்றது. எழுதியவர் அதைச் சீராக்கினார்: ‘தண்ணீர் பிடிப்பதில் ஏற்பட்ட தகராறில் என் மகன் தாக்கப்பட்டான்.’ இலக்கணம் சரி. அடித்தவர்களைக் காணோம். கேள்வியைக் காணோம். சாதி ‘தகராறு’ ஆகிவிட்டது.

இப்படித் தடம் மாறும் வாக்கியத்தைக் கிரேக்கர்கள் ‘அனகோலூதன்’ என்றார்கள். ‘தொடராதது’ என்று பொருள். மேலை அணியியலில் அது ஓர் உத்தி. மேடையில் தலைவர் அப்படிப் பேசினால் உணர்ச்சிப் பெருக்கு என்கிறோம். சேரிப் பெண் பேசினால் ‘கோர்வையாச் சொல்லத் தெரியல’ என்கிறோம்.

நம் நன்னூல் என்ன சொல்கிறது? மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களால் பாலும் திணையும் மயங்கினால் அது குற்றமல்ல, இயல்பு என்கிறது. அது பேசுவது பால், திணை பற்றித்தான். ஆனாலும் உணர்ச்சி இலக்கணத்தை மீறலாம் என்ற ஒப்புதல் அங்கே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இழிவும் உண்டு, சினமும் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆண்டை வீட்டில் எங்கள் பாட்டியை ‘அது வந்திருக்கு’ என்றார்கள். இழிவுக்குக் கிடைத்த சலுகையை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்தார்கள். சினத்துக்கு உள்ள உரிமையை நாம் கேட்டால் மட்டும் வாக்கியத்தைத் திருத்துகிறார்கள்.

பேச்சுமொழியிலேயே ஒரு வாழ்க்கையைச் சொல்லலாம் என்று 1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ காட்டியது. இலக்கியத்தில் வென்ற அந்த இடம் காவல் நிலையத்தில் இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் வழி இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 5ஆம் விதி, வாய்மொழிப் புகாரை எழுத்தில் பதிந்து, கொடுத்தவருக்குப் படித்துக் காட்டி, நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது.

அன்று படித்துக் காட்டச் சொன்னோம். அந்த அம்மா கேட்டுவிட்டு, “நான் கேட்டத எழுதலியே சார்” என்றார். திருத்தி எழுதி முடிக்க இரவு பத்து மணி ஆனது.

மாணவர்களே, உண்மை அறியும் குழுவில் நாளை நீங்களும் போவீர்கள். வாக்கியம் உடைந்தால் உடைந்தபடியே எழுதுங்கள். எந்தச் சொல்லில் உடைந்தது என்று பாருங்கள். அடுத்த கேள்வியை அங்கிருந்து கேளுங்கள்.

ஜெய்பீம்.