ரேஷன் அரிசியும் மீதித் தட்டும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நல்ல சாப்பாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்தவன். அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதிய உணவு வழிகாட்டி வெளியிட்டது. தினம் 2,000 கலோரி வேண்டிய ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம், பால் 300 மில்லி. எண்ணெயும் கடலை, எள் போன்றவையும் தனி.

நாலு பேர் வீட்டுக்கு 30 நாளுக்குப் பெருக்கினேன். தானியம் 30 கிலோ, காய்கறி 48 கிலோ, பழம் 12 கிலோ, பருப்பு வகை 10 கிலோ, பால் 36 லிட்டர்.

இப்போது ரேஷன் கார்டை எடுத்துக்கொள்வோம். அரிசி 20 கிலோ, 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பு 1 கிலோ 30 ரூபாய். பாமாயில் 1 லிட்டர் 25 ரூபாய். தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிட்டது. அது பெரிய உதவி. பருப்பில் பத்தில் ஒரு பங்கு. காய், பழம், பால் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முட்டையோடு சத்துணவு கிடைக்கிறது. 2022 முதல் காலை உணவும் உண்டு. பெரியவர்களுக்கு மீதி எல்லாம் கடையில்தான்.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் இப்படித்தான் பார்க்கிறது. ஒரு நாட்டில் மலிவாகக் கிடைக்கும் 11 பொருள்களை ஆறு வகையில் எடுத்து, ஒரு நாள் நல்ல சாப்பாட்டின் விலையைப் போடுகிறார்கள். 2022-இல் உலகத்தில் 280 கோடிப் பேருக்கு அது கட்டுப்படியாகவில்லை என்று 2024 அறிக்கை சொன்னது.

நம் பக்கம் காய்க்குப் பஞ்சமில்லை. பாவூர்சத்திரம் மார்க்கெட் நம் மாவட்டத்தில்தான். எலுமிச்சைக்குப் புளியங்குடி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் லோடு புளியரை வழியாகக் கேரளா போகிறது. ஓணம் வந்தால், முகூர்த்த நாள் வந்தால் விலை ஏறிவிடும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, தென்காசியிலும் சங்கரன்கோவிலிலும் உண்டு. விவசாயியே நேரில் விற்பார், விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள். ஆனால் பஸ் பிடித்துப் போய்வர நேரம் இருப்பவருக்குத்தான் அது உதவும்.

நம் வாட்ச்மேன் அண்ணாச்சிக்கும், படி துடைக்கும் அக்காமார்களுக்கும் அந்த நேரம் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவர்கள் சம்பளம் வருகிறது. ஐந்து சதவீதம் போதும் என்று ஒரு கருத்து இருக்கிறது. அதை முடிவு செய்யுமுன் 48 கிலோ காயை நினைத்துப் பாருங்கள். கிலோ சராசரி 40 ரூபாய் என்றால் 1,920 ரூபாய். அதுவே 60 ஆனால் 2,880. ஒரே மாதத்தில் 960 ரூபாய் வித்தியாசம். வாடகையையும் பஸ் காசையும் குறைக்க முடியாது. குறைவது காயும் பாலும்தான். சாதமும் குழம்பும் வைத்து வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள். சர்க்கரையும் ரத்தசோகையும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன.

கூடக் கொடுத்தால் வேறு செலவு செய்துவிடுவார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். சம்பளம் உழைப்புக்கு. நம் பென்ஷனை எப்படிச் செலவு செய்கிறோம் என்று யாரும் கேட்பதில்லையே.

என் யோசனைகள் இரண்டு.

ஒன்று: அடுத்த கூட்டம் வரை ஞாயிறுதோறும் இருவர் நம்மூர்க் கடைகளில் 11 பொருள்களின் விலையைக் குறித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். அதில் ஒருவனாக நான் வருகிறேன். சம்பளம் பேசும்போது அந்தத் தாள் மேஜையில் இருக்கட்டும்.

இரண்டு: கீரை கொண்டுவரும் அம்மாவை கேட்டுக்கு உள்ளே விடுவோம். நம் வீட்டு வாசலுக்குக் கீரை வரும். வேலை முடித்துப் போகும் அக்காமார்களும் ஒரு கட்டு வாங்கிப் போவார்கள். அந்த அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் வேண்டாம்.

வீட்டில் கலந்து பேசி வாருங்கள்.