இனமும் இலக்கியமும்: முதியோர் அவையில் ஒரு வாசிப்பு

இனம் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. திருக்குறளிலே சிற்றினம் சேராமை என்றோர் அதிகாரம் உண்டு. அங்கே இனம் என்பது ஒருவன் தானே தேடிச் சேரும் கூட்டத்தைக் குறிக்கும். பிறப்பால் வந்து ஒட்டிக்கொள்வதையன்று. அச்சொல்லில் இரத்தத்தை ஏற்றியது பிற்காலம். 1856ஆம் ஆண்டிற் கால்டுவெல் தம் ஒப்பிலக்கண நூலின் பெயரிலே திராவிடம் என்றது ஒரு மொழிக் குடும்பத்தை. மொழியின் பெயர் பிறப்பின் பெயராக மாற நெடுநாட் செல்லவில்லை. இலங்கையில் 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, ஒரே மொழி பேசுவோரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு நிரலாக்கியது.

1942இல் தோன்றி வெள்ளவத்தையில் நிலைபெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1902இல் தோன்றிய கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை போன்ற இடங்களிலே முதியோர் கூடி இப்பொருளை ஆராய்வதாயின், எந்நூலை முதலில் எடுப்பது?

1958ஆம் ஆண்டிற் பதினைந்து வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். 1983 யூலையில் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துத் தமிழர் வீடு தேடிய கும்பல்களை அவர்கள் மறந்திரார். கலவரம் என்பது அவர்கள் நூலில் வாசித்தறிய வேண்டிய செய்தியன்று. ஆகவே, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரியுண்டதைப் பற்றிய எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எடுத்தால், அவை உடனே ஒருமனப்படும். ஆனால் அத்துடன் கலைவதற்கு ஒரு வகுப்பு எதற்கு? பழங்கதைக்கு வீட்டுத் திண்ணையே போதுமன்றோ! அக்கவிதையை இயற்றியவர் கிழக்கிலங்கை முஸ்லிம். ஒன்பது ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் ஊரைவிட்டே வெளியேற்றினர். கவிதையைப் போற்றுவோர் இதனையும் அதே இருக்கையிலிருந்து பேசுதல் வேண்டும். பேச்சுத் தடுமாறும், தடுமாறட்டும்.

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இன்னும் கடினமான நூல். யாழ்ப்பாணத்துக் கிணறும் கோயிலும் யாருக்கு அடைக்கப்பட்டிருந்தன என்பதை அறிந்தவர்களே அவையில் அமர்ந்திருப்பார்கள். சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தோ மலையகத்தை முன் நிறுத்தும். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்து வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அவருடைய மக்களிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. தோட்டத்துப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்திருந்த கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் சிலவல்ல.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' 1944இல் வெளியான சிங்கள நாவல். அதனைக் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாக்கியவர் எம். எம். உவைஸ். தென்னிலங்கையின் பழைய பெருவீடொன்று நொடித்துப்போகும் கதை அது. பழம்பெருமையைக் காக்கக் கடன்படும் அவ்வீட்டார், வடபுலத்து வாசகருக்கு அந்நியராகத் தோன்றார்.

இங்கே முதியோருக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டத்தின் பின், தமிழ் லிகிதர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியவராயினர். மறுத்து உத்தியோக உயர்வை இழந்தாரும் உளர்; மனங்கசந்து கற்றாரும் உளர். அவ்வாறு கற்ற ஒருவர், தமிழாக்கத்தின் ஓர் அதிகாரம் வாசிக்கப்பட்டதும், விக்கிரமசிங்கவின் மூலத்தை எடுத்து அதே பகுதியை உரக்க வாசிக்கலாம்.