நாணயம் விற்பவரின் நாணயம்



நம்மவர் பொன்னைப் பவுண் கணக்கிலேயே பேசுவர். தாலிக்கொடிக்கு இத்தனை பவுண், மகளின் காப்புக்கு இத்தனை பவுண் என்பது நம் வீடுகளில் நாளும் கேட்கும் பேச்சு. ஒரு பவுண் பெறுமதி கொண்ட பிரித்தானியப் பொற்காசாகிய சொவரின் வழியே இச்சொல் நம்மிடம் வந்தது. அக்காசு இன்றும் அடிக்கப்படுகின்றது. ஆயின் அதனை வாங்கும் வழி மாறிவிட்டது. முன்னாளில் ஒருவர் கொழும்புச் செட்டியார் தெருவிலே, தமக்குத் தெரிந்த கடையில் ஏறிப் பொன்னைக் கையில் எடுத்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பார். இன்றோ, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் இணையத்திலே காசின் படத்தைப் பார்க்கின்றார், பணத்தை அனுப்புகின்றார், காசு வருமென்று காத்திருக்கின்றார்.

அந்தக் காத்திருப்பிலேதான் ஆபத்து உண்டு. கடையில் பொன்னும் பணமும் ஒரே வேளையில் கைமாறும். இணையத்திலோ பணம் முன்னே போகும். பொன் பின்னே வரும். இடைப்பட்ட நாட்களில் வாங்கியவரிடம் இருப்பது விற்பவரின் சொல் ஒன்றே. ஆதலின், நாணயத்தை உரைத்துப் பார்க்குமுன் அதனை விற்பவரின் நாணயத்தை உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நோர்த்வெஸ்ட் டெரிட்டோரியல் மின்ட் என்றொரு நிறுவனம் இருந்தது. பெயரைக் கேட்போர் அதனை அரசாங்க நாணயசாலை என்றே எண்ணக்கூடும். உண்மையில் அது ஒரு தனியார் கொம்பனி. பொன்னுக்கும் வெள்ளிக்கும் முன்பணம் பெற்றுக்கொண்டு, பொருளை அனுப்பாது தவணை சொல்லி வந்தது. புதியவர் கட்டிய பணத்தைக் கொண்டு பழையவர் கணக்கைத் தீர்த்தது. 2016 ஆம் ஆண்டில் அது முறிந்தது. அதன் உரிமையாளர் 2021 இல் மோசடிக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். பொருளிழந்தோர் பலர். அவர்கள் போலிக் காசைப் பெற்று ஏமாந்தவரல்லர். காசையே காணாது ஏமாந்தவர்.

அவ்வாறாயின், விற்பவரைச் சோதிப்பது எங்ஙனம்?

முதலாவது, விலை. சொவரின் காசொன்றின் நிறை ஏறத்தாழ 7.99 கிராம், 22 கரட்டாகிய அதில் உள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். இலண்டன் சந்தையில் தங்கத்தின் விலை, வேலை நாட்களில் இருமுறை நிர்ணயிக்கப்படுகின்றது. அது 31.103 கிராம் கொண்ட டிராய் அவுன்சின் விலையாகும். அதனை 31.103 ஆல் வகுத்து 7.32 ஆல் பெருக்கினால் காசிலுள்ள பொன்னின் பெறுமதி கிடைக்கும். அடிக்கும் கூலியும் வணிகரின் இலாபமும் சேர, விலை அதனிலும் சற்றுக் கூடவே இருக்கும். பொன்னின் பெறுமதிக்கும் குறைவாகப் புதுக்காசு தருவேன் என்பவரை அணுகாதிருப்பதே நன்று.

இரண்டாவது, ஆள். பிரித்தானியாவில் கொம்பனிகளின் பதிவேட்டை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்வையிடலாம். கொம்பனி எந்த ஆண்டில் தொடங்கியது, பணிப்பாளர் யாவர், கணக்குகள் காலந்தவறாது சமர்ப்பிக்கப்பட்டனவா என்பன அங்கே தெரியவரும். பெயர்பெற்ற நிறுவனத்தின் இணைய முகவரியில் ஓரெழுத்தை மாற்றிப் போலிக் கடை விரிப்போரும் உளர். ஆதலின், பிறர் அனுப்பிய செய்தியின் வழியே நுழையாது, முகவரியை நீங்களே தட்டெழுதிச் செல்லுங்கள்.

மூன்றாவது, நாள். காசு இப்போது கையிருப்பில் உண்டா? எந்நாளில் வந்து சேரும்? வழியில் தொலைந்தால் நட்டம் யாருடையது? திரும்ப விற்க வந்தால் என்ன விலை கொடுப்பீர்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறுங்கள். முதலில் ஒரேயொரு காசை மட்டும் வாங்குங்கள். பிரித்தானியாவில் 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான பொருளைக் கடனட்டையால் வாங்கினால், 1974 ஆம் ஆண்டுச் சட்டப்படி அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பாளியாகும். வந்த காசை நிறுத்துப் பாருங்கள். அதன் குறுக்களவு 22.05 மில்லிமீற்றர். இலேசான உலோகத்தாற் செய்த போலி, நிறையிற் பொருந்தினால் பருமனிற் பொருந்தாது. குறித்த நாள் கடந்தும் காசு வராவிடில், இரண்டாம் தவணைக்கு இசையாது பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

முகமறியா ஒருவரை இவ்வளவு கேள்வி கேட்பது மரியாதையோ எனச் சிலர் தயங்கலாம். பிரித்தானிய அரச நாணயசாலை அடிக்கும் காசுகளை நடுவர் முன்னிலையில் சோதிக்கும் வழக்கம் 13 ஆம் நூற்றாண்டு முதல் வருகின்றது. இன்றும் ஆண்டுதோறும் பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் அது நடைபெறுகின்றது. முடியின் பெயரால் அடித்த காசுக்கே சோதனை உண்டென்றால், வணிகருக்கு அது இழுக்காகுமா? நேர்மையுள்ளவர் உங்கள் கேள்விகளுக்கு முகஞ்சுளிக்கமாட்டார். ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம், ஒரு நாளும் வராத பொதிக்காகப் போய்விடலாகாது.