பூட்டிய அறைகளும் பகுதி நேரக் கைகளும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜப்பானைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். புல்லட் ரயிலைப் பற்றியும் செர்ரிப் பூவைப் பற்றியும் நீங்கள் நிறையக் கேட்டிருப்பீர்கள். நான் வணிகவியல் படித்துவிட்டு விடுதித் தொழிலுக்குப் போனவன். எனக்குத் தெரிந்தது சாப்பாட்டுத் தட்டும் படுக்கை விரிப்பும்தான். ஆகவே அந்தத் தொழிலில் இன்று எல்லோர் தூக்கத்தையும் கெடுக்கும் ஒரே ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை. அதைப் பகுதி நேர வேலையால், அதாவது வேறு பிழைப்பு உள்ளவர்கள் ஓய்ந்த நேரத்தில் வந்து செய்யும் பக்க வேலையால், எவ்வளவு தூரம் அடைக்க முடியும் என்பதுதான் என் பேச்சு.

முதலில் சில கணக்குகள். ஜப்பானுக்கு 2019-ல் வந்த வெளிநாட்டார் சுமார் 3 கோடியே 19 லட்சம் பேர். கொரோனா வந்தது. 2021-ல் அந்த எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. விடுதிகள் வெறிச்சோடின, வேலை செய்தவர்கள் கிடங்குக்கும் முதியோர் இல்லத்துக்கும் தொழிற்சாலைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு கதவு திறந்தது. 2024-ல் 3 கோடியே 68 லட்சம் பேருக்கு மேல். 2025-ல் 4 கோடியையும் தாண்டியது. விருந்தாளி திரும்பி வந்துவிட்டான், வேலைக்காரர் திரும்பி வரவில்லை. நூற்றுக்கு 29 பேர் அறுபத்தைந்து வயதைக் கடந்த நாடு அது. புதிதாக ஆள் எங்கிருந்து வரும்? இதனால் ஒரு விசித்திரம் நடந்தது. வாசலில் விருந்தாளி நிற்க, உள்ளே அறைகள் பூட்டிக் கிடந்தன. அறை இருக்கிறது, பாய் இருக்கிறது, குளிக்க வெந்நீர் ஊற்று பொங்கிக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டை எடுத்து வைக்கத்தான் ஆள் இல்லை.

ரியோகான் என்பது ஜப்பானியரின் பழைய பாணி விடுதி. ஹக்கோனே, குசாட்சு, பெப்பு போன்ற வெந்நீர் ஊற்று ஊர்களில் நிறைய உண்டு. அறை வாடகையோடு இரவு விருந்தும் காலை உணவும் சேர்ந்தே வரும். பல விடுதிகளில் இரவுச் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து, ஒவ்வொரு கிண்ணமாக வைத்து, சாப்பிட்டு முடித்ததும் அதே அறையில் பஞ்சு மெத்தை விரித்துவிட்டுப் போவார்கள். இதைச் செய்யும் பெண்களை நக்காய் என்பார்கள். அவர்களுக்கு மேலே ஒகாமி. வீட்டு எஜமானி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளியின் பெயர், போன தடவை எந்த அறை, எது பிடிக்காது எல்லாம் அவர் தலையில் இருக்கும்.

இந்த நக்காயின் நாள் எப்படி? காலை ஆறு மணிக்குக் காலை உணவு வேலை. பத்து மணிக்கு விருந்தாளிகள் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் ஓய்வு. மறுபடி மூன்று மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். இரவு ஒன்பது, பத்து வரை ஓட்டம். நடுவில் நாலு மணி நேரம் சும்மா. நம் ஊர் ஓட்டல்காரர்கள் இதை பிரேக் ஷிஃப்ட் என்பார்கள். சம்பளம் வேலை செய்த நேரத்துக்கு, ஆனால் நாள் முழுவதும் விடுதிக்கே. குழந்தை உள்ளவள் இந்த வேலைக்கு வருவாளா? இருபத்திரண்டு வயதுப் பையன் வருவானா? "ஆள் கிடைக்கலை, ஆள் கிடைக்கலை" என்று முதலாளிகள் புலம்பும்போது நான் நினைத்துக்கொள்வேன்: கிடைக்காதது ஆள் மட்டுமல்ல ஐயா, இப்படி ஒரு நாளை வாழ ஒப்புக்கொள்ளும் ஆள்.

சரி, பக்க வேலைக்கு வருவோம். ஜப்பானில் ஒரு கம்பெனியில் சேர்ந்தால் அந்தக் கம்பெனிக்கே வாழ்க்கைப்பட்ட மாதிரி என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அரசு தயாரித்துக் கொடுத்திருந்த மாதிரி வேலை விதிகளிலேயே, அனுமதி இல்லாமல் வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. 2018 ஜனவரியில் தொழிலாளர் அமைச்சகம் அந்த வரியை எடுத்துவிட்டு, வேலை நேரத்துக்கு வெளியே வேறு வேலை செய்யலாம் என்று மாற்றி எழுதியது. நம் நாட்டில் 2022-ல் ஐ.டி. கம்பெனிகளில் 'மூன்லைட்டிங்' என்று பெரிய சண்டை நடந்தது நினைவிருக்கும். அதற்கு நாலு வருடம் முன்பே அங்கே அரசாங்கமே கதவைத் திறந்துவிட்டது.

அதே 2018-ல் டைமீ என்ற கைபேசிச் செயலி வந்தது. பயோடேட்டா கிடையாது, இன்டர்வியூ கிடையாது. விடுதிக்காரர் "ஞாயிறு காலை 6 முதல் 10 வரை, காலை உணவுத் தட்டு வைக்கணும், கறுப்பு பேன்ட், கறுப்பு ஷூ, மணிக்கு இவ்வளவு" என்று போடுவார். யாரோ ஒருவர் தொடுவார். வந்ததும் ஒரு க்யூஆர் கட்டத்தைக் கைபேசியால் ஸ்கேன் செய்து பதிவு, போகும்போது இன்னொரு முறை. கூலி அன்றைக்கே கைக்கு வந்துவிடும். 2024 ஜூலையில் அந்தக் கம்பெனி தோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒத்தெத்சுதாபி என்று இன்னொன்று உண்டு. 'ஒத்தெத்சுதாய்' என்றால் ஒத்தாசை, 'தாபி' என்றால் பயணம். இரண்டையும் ஒட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிராமத்து விடுதியிலோ தோட்டத்திலோ சில நாள், சில வாரம் தங்கி வேலை செய்து கூலி வாங்கிக்கொண்டு ஊரையும் பார்த்துவிட்டு வரலாம். கல்லூரி விடுமுறைக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இதெல்லாம் நமக்கு அவ்வளவு புதிதா? முகூர்த்த நாளில் கேட்டரிங் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். யாரும் கை தூக்க வேண்டாம், பேராசிரியர்கள் இருக்கிறார்கள்! "நாளைக்கு மண்டபத்துல எட்டுப் பசங்க வேணும்" என்று ஒரு போன் வரும். போய் நாலு பந்தி பரிமாறிவிட்டுக் கூலியோடு திரும்புவீர்கள். அது செயலி இல்லாத டைமீ.

ஆனால் பந்தி பரிமாற எட்டுப் பேர் போதும் என்பது ஏன் சாத்தியமாகிறது? இலையில் உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் வந்தவனும் சாம்பார் வாளியைத் தூக்கிவிடலாம். ரியோகான் வேலை அப்படி இருக்கவில்லை. எல்லாம் நக்காயின் தலைக்குள் இருந்தது. அதனால் பக்க வேலைக்காரரை அழைத்துப் பயன் கண்ட விடுதிகள் முதலில் செய்தது ஆள் தேடுவதல்ல, வேலையை வெட்டியது. காலைத் தட்டு வைப்பது ஒரு துண்டு. பத்திலிருந்து இரண்டு வரை அறை சுத்தம் ஒரு துண்டு. இரவு மெத்தை விரிப்பது, பாத்திரம் கழுவுவது, கார் நிறுத்த வழிகாட்டுவது எல்லாம் தனித்தனித் துண்டுகள். காலைத் தட்டைப் படம் எடுத்துப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டிவிட வேண்டும்: சோறு இடப்பக்கம், சூப் வலப்பக்கம், மீனின் தலை இடப்பக்கம். வந்தவர் பத்து நிமிடம் அதைப் பார்த்தால் போதும். அப்படி வெட்டியபோது, நாள் முழுவதும் கொடுக்க முடியாத பக்கத்து ஊர் அம்மா பத்து மணிக்கு வந்து குழந்தை பள்ளியிலிருந்து திரும்பும் முன் வீட்டுக்குப் போய்விடலாம். அலுவலக குமாஸ்தா ஞாயிறு காலை வரலாம். ஓய்வு பெற்ற தபால்காரர் கார் நிறுத்துமிடத்தில் நிற்கலாம்.

வெட்ட முடியாத வேலையும் இருக்கிறது. இதை முதலாளிகள் காது கொடுத்துக் கேட்பதில்லை. ஒரு நாள் இரவு விருந்தில் புதிதாக வந்த ஒரு பையன் இரண்டு அறைகளின் தட்டுகளை மாற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான். நல்ல பையன்தான், சுறுசுறுப்பு. ஒரு அறையில் இருந்தவருக்கு சோபா மாவு ஒவ்வாது. சோபா என்பது பக்வீட் என்ற தானியம். ஒவ்வாதவருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். நடைபாதையில் எதிரே வந்த அறுபது வயது நக்காய் தட்டின் ஓரத்தில் இருந்த சிவப்புச் சீட்டைப் பார்த்து நிறுத்திவிட்டார். அவர் இல்லாத நாளில் என்ன ஆகும்? ஒவ்வாமை, இரவுக் காவல், பச்சை மீன் அறுப்பது, கோபத்தில் இருக்கும் விருந்தாளியைச் சமாளிப்பது, இவற்றுக்கெல்லாம் நிரந்தர ஆள்தான் வேண்டும், அவருக்கு நல்ல சம்பளமும் வேண்டும். அன்று இரவு அந்த அம்மா என்னிடம் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தினமும் ஒரு புது முகம். தினமும் முதல்லேருந்து சொல்லிக் குடுக்கணும். இதுக்கு நானே செஞ்சுடலாம்."

செலவும் குறைவல்ல. விடுதிகள் டைமீ கம்பெனிக்குக் கூலியில் 30 சதவீதம் தனியாகக் கட்ட வேண்டும். ஹக்கோனே இருக்கும் கனகாவா மாநிலத்தில் 2025 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,225 யென் ஆனது. கட்டணத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,590 யென். அதில் கொஞ்சத்தை இருக்கிற நக்காய்க்கே கூட்டிக் கொடுத்தால் அவர் போகாமல் இருப்பாரே என்று கேட்டால், "அது வேற பட்ஜெட்" என்று பதில் வரும். பட்ஜெட் எந்த நாட்டிலும் பட்ஜெட்தான்.

சட்டச் சிக்கலும் உண்டு. ஜப்பானில் ஒருவர் இரண்டு முதலாளிகளிடம் வேலை செய்தால் இரண்டு இடத்து நேரத்தையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பது மணி. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் முடித்தவர் மாலையில் விடுதிக்கு வந்தால் அவருடைய முதல் மணியே ஓவர்டைம்; 25 சதவீதம் கூடுதல் கூலியைப் பெரும்பாலும் பின்னால் ஒப்பந்தம் போட்ட விடுதிதான் கொடுக்க வேண்டும். அதனால் அலுவலகக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லும் விடுதிகளும் உண்டு. கதவைத் திறந்த அரசே வாசற்படியை உயரமாகக் கட்டியது போல. ஆனால் இந்த விதி இல்லாவிட்டால் ஒரு மனிதனை இரண்டு பேர் சேர்ந்து பதினாறு மணி நேரம் பிழிவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

வருமான வரி விதி செய்த கூத்து இன்னொன்று. பகுதி நேர வேலை செய்பவரின் ஆண்டு வருமானம் 10 லட்சத்து 30 ஆயிரம் யென்னைத் தாண்டினால் வரி என்று 1995 முதல் 2024 வரை ஒரு வரம்பு இருந்தது. கூலி ஏற ஏற, அந்த வரம்பை ஆண்டு முடிவதற்கு முன்பே தொட்டுவிடுவார்கள். விடுதியில் கூட்டம் தாங்காத டிசம்பர் கடைசியில்தான் "நான் இனிமே ஜனவரியிலதான் வருவேன்" என்று நின்றுவிடுவார்கள். 2025-ல் வரம்பை உயர்த்தினார்கள். குடும்பக் காப்பீட்டுக்கு வேறு வரம்புகள் இருப்பதால் அந்தத் தலைவலி முழுதாகத் தீரவில்லை.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். அதே கனகாவாவில் சுருமாக்கி என்ற ஊரில் ஜின்யா என்றொரு பழைய ரியோகான். 2014 முதல் வாரத்தில் சில நாள் கதவையே சாத்திவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கூட்டம் குறைந்த நாளில் எல்லோரும் ஒன்றாக விடுப்பு எடுக்கட்டும், திறந்த நாளில் எல்லோரும் இருக்கட்டும் என்ற கணக்கு. விருந்தாளி விவரங்களை ஒகாமியின் தலையிலிருந்து கணினிக்கு மாற்றி, அந்த மென்பொருளை மற்ற விடுதிகளுக்கும் விற்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விடுதி அது. பக்க வேலைக்காரர் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு அவர்களை அழைப்பதுதான் சரி என்பது என் கட்சி.

கடைசியாக மாணவர்களுக்கு. உங்களில் சிலர் மொழி படிக்கவோ மேல்படிப்புக்கோ ஜப்பான் போவீர்கள். மாணவர் விசாவில் இருப்பவர் வேலை செய்ய, குடியேற்றத் துறையின் தனி அனுமதி வேண்டும். முதல் முறை போய் இறங்கும்போது விமான நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடியிருப்பு அட்டையின் பின்பக்கம் முத்திரை போட்டுத் தருவார்கள். வாரத்துக்கு 28 மணி நேரம்தான். ஒவ்வொரு கடைக்கும் 28 அல்ல, எல்லாக் கடையும் சேர்த்து 28. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு என்று எண்ணாதீர்கள். எந்த நாளிலிருந்து ஏழு நாள் எண்ணினாலும் 28-க்குள் இருக்க வேண்டும். கோடை விடுமுறை போன்ற நீண்ட விடுமுறையில் நாளுக்கு எட்டு மணி வரை போகலாம். நம் பக்கத்துப் பையன் ஒருவன் மூன்று இடத்தில் வேலை பார்த்தான். மூன்று முதலாளிகளும் "எங்ககிட்ட கம்மிதானே" என்றார்கள். விசாவைப் புதுப்பிக்கப் போனபோது வரிச் சான்றிதழில் மொத்த வருமானமும் ஒரே தாளில் வந்து நின்றது. புதுப்பிக்கவில்லை. படிப்பு பாதியில் நின்றது, அப்பா வாங்கிய கடன் மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்று. ஷிஃப்ட் உறுதியான பிறகு முதலாளி தன் வசதிக்காகக் கடைசி நேரத்தில் "வேண்டாம்" என்றால் சும்மா திரும்பி வராதீர்கள். அவர் பக்கத்துக் காரணத்தால் வேலை நின்றால், சராசரிக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்று அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. உறுதி செய்த திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் ஆகிவிட்டது, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்து வேப்ப மரத்தடியில் இருப்பேன். ஜப்பான் போக ஏஜென்டிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், கையெழுத்துப் போட்ட தாள்களோடு வாருங்கள், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.