கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு

(தொடர்கல்வி மையத்தில், பெண்கள் கூட்டத்தில் நிகழ்ந்த உரை)



டில்லியில் ஒரு பெண். அவருக்கு வயது 44. திருமணம் ஆகாதவர். 1995-ஆம் ஆண்டு மே மாதம் அவருக்கு மாதவிலக்கு வந்தது. ஒன்பது நாளாகியும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஒரு பெண் மருத்துவரிடம் போனார். வயிற்றில் சிறு துளை போட்டு, குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்தப் பெண் சம்மதித்தார். தாளில் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் மயக்க மருந்து கொடுத்தார்கள். உள்ளே பார்த்தார்கள். நோய் இருப்பது தெரிந்தது. அந்தப் பெண்ணோ நினைவில்லாமல் படுத்திருக்கிறார். அறைக்கு வெளியே அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். வயதானவர். அவரிடம் வந்து சம்மதம் கேட்டார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். கர்ப்பப்பையை எடுத்தார்கள். அதோடு இரண்டு சினைப்பைகளையும், இரண்டு கருக்குழாய்களையும் எடுத்துவிட்டார்கள்.

கண் விழித்த பெண் கேட்டார்: "பார்க்கத்தானே சம்மதித்தேன். எடுக்கச் சொன்னது யார்?"

அவர் வழக்குப் போட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2003-இல் அவருடைய வழக்கைத் தள்ளிவிட்டது. அவர் விடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போனார். 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால், எடுத்தது எதை என்று தெரிய வேண்டும் அல்லவா?

அடிவயிற்றுக்குள் கர்ப்பப்பை இருக்கிறது. கைமுட்டியை விடச் சற்றுச் சிறியது. குழந்தை வளர்வது அதில்தான். மாதாமாதம் ரத்தம் வருவதும் அதிலிருந்துதான். அதன் இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றும் வாதாங்கொட்டை அளவுதான் இருக்கும். கருமுட்டை உண்டாவது சினைப்பையில். அந்த முட்டை கர்ப்பப்பைக்கு வரும் வழிதான் கருக்குழாய்.

சினைப்பைக்கு இன்னொரு வேலை உண்டு. அதுதான் பலருக்கும் தெரியாது. சினைப்பை ஹார்மோன்களைச் சுரக்கிறது. அதில் முக்கியமானது ஈஸ்ட்ரோஜன். அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. எலும்பைக் காக்கிறது. இதயத்துக்கும் ரத்தக் குழாய்களுக்கும் உதவுகிறது. தூக்கம், மனநிலை, பிறப்புறுப்பின் ஈரப்பசை எல்லாவற்றுக்கும் அது வேண்டும். பிள்ளை பெற்று முடித்த பிறகும் சினைப்பை இந்த வேலையைச் செய்துகொண்டே இருக்கும். 

இந்தியப் பெண்களுக்குப் பெரும்பாலும் 45 முதல் 50 வயதுக்குள் மாதவிலக்கு தானாக நிற்கும். சினைப்பை மெல்ல மெல்ல ஓய்வெடுப்பதால்தான் அது நிற்கிறது. இதற்குச் சில ஆண்டுகள் ஆகும். உடம்பும் அதற்கேற்பப் பழகிக்கொள்ளும்.

இனி அறுவைச் சிகிச்சைக்கு வருவோம். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு வராது. பிள்ளை உண்டாகாது. ஆனால் சினைப்பை தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். "மாதாமாதம் வரவேண்டிய ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?" என்று சிலர் பயப்படுவார்கள். தங்காது. ரத்தம் வருவது கர்ப்பப்பையின் உள்தோலிலிருந்து. அதுவே இல்லாதபோது ரத்தம் ஏது? "முட்டை எங்கே போகும்?" என்றும் கேட்பார்கள். அது மிகமிகச் சிறியது. உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும்.

இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் கதை வேறு. மாதவிலக்கு இன்னும் நிற்காத பெண்ணுக்கு எடுத்தால், ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைந்துவிடும். பல ஆண்டுகளில் நடக்க வேண்டியது சில நாட்களில் நடந்துவிடும். திடீரென்று உடம்பு தீப்போல் சுடும். வேர்த்துக் கொட்டும். நடுராத்திரியில் விழிப்பு வரும். எரிச்சலும் அழுகையும் வரும். கணவனோடு சேரும்போது வலிக்கும். வெளியே சொல்ல வெட்கம். வீட்டில் இருப்பவர்களோ, "ஆபரேஷன் ஆனதிலிருந்து இவளுக்குக் கோபம் அதிகம்" என்பார்கள். காரணம் அவளுடைய குணத்தில் இல்லை. உடம்பில் சுரந்துகொண்டிருந்த ஒன்று நின்றுபோனதில் இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பவையும் உண்டு. எலும்பு மெலிந்துகொண்டே போகும். பிறகு ஒருநாள் வழுக்கி விழுந்தாலே இடுப்பு முறியும். இதய நோய் வரும் வாய்ப்பும் கூடும். 45 வயதுக்கு முன்னால் இரண்டையும் எடுத்த பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. எல்லாரும் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். சிலர் சினைப்பையையும் எடுத்தவர்கள். சிலர் வைத்துக்கொண்டவர்கள். 24 ஆண்டுகள் அவர்களைக் கவனித்தார்கள். எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றும் மார்பகப் புற்றும் குறைவாக வந்தன. ஆனால் இதய நோய் அதிகமாக வந்தது. எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களில்தான் இறந்தவர்கள் அதிகம்.

அப்படியென்றால் எதற்காக எடுக்கிறார்கள்? "வயிற்றைத் திறந்தாயிற்று. இதையும் எடுத்துவிட்டால் பின்னால் புற்றுநோய் வராது" என்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சினைப்பைப் புற்று பொல்லாதது. தொடக்கத்தில் வெளியே தெரியாது. முன்கூட்டியே கண்டுபிடிக்க நல்ல சோதனையும் இல்லை. ஆனால் அது எத்தனை பேருக்கு வருகிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தியாவில் வாழ்நாளில் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே அது வருகிறது. அந்த ஒருவருக்காக நூறு பேரின் எலும்பையும் இதயத்தையும் பணயம் வைக்க வேண்டுமா?

சிலருக்கு மட்டும் கணக்கு மாறும். அம்மாவுக்கோ, கூடப் பிறந்தவளுக்கோ, சித்திக்கோ, அத்தைக்கோ சினைப்பைப் புற்று வந்திருக்கலாம். சின்ன வயதிலேயே மார்பகப் புற்று வந்திருக்கலாம். அப்பா வழியானாலும் அம்மா வழியானாலும் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பரம்பரையாக வரும் ஒரு கோளாறு சில குடும்பங்களில் இருக்கிறது. ரத்தத்தைச் சோதித்து அதைக் கண்டுபிடிக்கலாம். அந்தக் கோளாறின் ஒரு வகை உள்ளவர்களில் நூற்றுக்கு 40 பேர் வரைகூடச் சினைப்பைப் புற்று வரலாம். அவர்கள் பிள்ளை பெற்று முடித்த பிறகு சினைப்பையை எடுத்துவிடுவதே நல்லது. சினைப்பையிலேயே புற்றோ, சந்தேகப்படும்படியான கட்டியோ இருந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் ஆனவர்களுக்கு, வைத்துக்கொள்வதால் வரும் லாபம் குறைவு. அவர்கள் மருத்துவரோடு பேசி எப்படியும் முடிவு செய்யலாம்.

வைத்துக்கொண்டால் தொல்லையே இல்லை என்றும் சொல்ல முடியாது. கர்ப்பப்பையை எடுத்த சிலருக்குச் சினைப்பையும் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடுகிறது. சிலருக்குப் பின்னாளில் நீர்க்கட்டியோ வலியோ வந்து மறுபடி அறுவை செய்ய நேர்கிறது. அப்படி நேர்வது சிலருக்கே. 

நடுவழி ஒன்றும் இருக்கிறது. சினைப்பைப் புற்று என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. ஆகவே கர்ப்பப்பையோடு கருக்குழாய்களை எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைக்கலாம். புற்று வரும் வாய்ப்பு குறையும். ஹார்மோனும் சுரக்கும். இப்படிச் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம்.

இனி அந்த டில்லி வழக்கு. அங்கே இருந்த நோய், கர்ப்பப்பையின் உள்தோல் போன்ற திசு வெளியேயும் வளரும் நோய். அதற்குச் சினைப்பையையும் சேர்த்து எடுப்பது மருத்துவ முறைகளில் ஒன்றுதான். மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அப்படியும் தீர்ப்பு அந்தப் பெண்ணின் பக்கமே வந்தது. ஏன்? உடனே எடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலை அங்கே இல்லை. அவர் கண் விழிக்கும் வரை காத்திருந்து கேட்டிருக்கலாம். அவர் வயது வந்தவர், நல்ல அறிவோடு இருப்பவர். அவருக்குப் பதிலாக அவருடைய அம்மாகூடச் சம்மதம் தர முடியாது. பார்ப்பதற்குக் கொடுத்த சம்மதம் எடுப்பதற்குச் செல்லாது. மருத்துவர் கட்டணம் வாங்கக் கூடாது, 25 ஆயிரம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பணம் சிறியது. ஆனால் இந்தத் தீர்ப்பு இந்தியா முழுக்கப் பொருந்தும்.

அம்மாவால் முடியாதென்றால், கணவனாலும் முடியாது. மாமியாராலும் முடியாது. "பிள்ளை பெற்றாச்சு, இனி அது இருந்தால் என்ன, போனால் என்ன?" என்று மாமியார் சொல்லலாம். அவர் தன் அனுபவத்தில் சொல்கிறார். கையெழுத்து மட்டும் மருமகளுடையது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. முதலில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா? மகாராஷ்டிரத்தில் பீட் என்று ஒரு மாவட்டம். மழை குறைந்த ஊர். அங்கிருந்து ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டப் போகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு அரிவாள் கணக்கு. முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஒருநாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு நாளிலும் ஓய்வு கிடையாது. குளிக்க மறைவிடம் இல்லை. வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று மருத்துவரிடம் போனால், "எடுத்துவிடு" என்று சொன்ன மருத்துவமனைகள் இருந்தன. மாநில அரசு 2019-இல் ஒரு குழு அமைத்து விசாரித்தது. சுமார் 82 ஆயிரம் பெண் தொழிலாளிகளைக் கணக்கெடுத்தார்கள். 13 ஆயிரத்து 800-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை! அவர்களில் பலர் நாற்பதைத் தாண்டாதவர்கள். ஓய்வும் சுத்தமான தண்ணீரும் கிடைத்திருந்தால் இதில் எத்தனை பேர் கத்திக்குத் தப்பியிருப்பார்கள்!

வெள்ளைப்படுவதற்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. மருந்திலேயே சரியாகும். அதிக ரத்தப்போக்குக்கு மாத்திரை இருக்கிறது. ஹார்மோன் உள்ள சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதும் உண்டு. கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. தேவையில்லாத அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வழிமுறைகள் வெளியிட்டது. எல்லா மாநிலங்களும் அவற்றை மூன்று மாதத்துக்குள் ஏற்றுச் செயல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்பது அந்த வழிமுறைகளில் உள்ளது. "உடனே எடுக்காவிட்டால் புற்றுநோய் வந்துவிடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அரசு மருத்துவமனைக்குப் போய் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுவது நல்லது.

எடுத்தே ஆக வேண்டும் என்று முடிவானால், படுக்கையில் படுப்பதற்கு முன்னால் பேச வேண்டும். "என் சினைப்பை நன்றாக இருக்கிறதா டாக்டர்? அதை விட்டுவைப்பீர்களா? உள்ளே பார்த்து எதாவது கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வீர்கள்?" இவ்வளவு கேட்டால் போதும். பதில் புரியவில்லையென்றால் மறுபடி கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பிறகு சம்மதத் தாள். கையெழுத்துப் போடத் தெரிந்துவிட்டது என்பதற்காக நீட்டிய இடத்தில் போட்டுவிடக் கூடாது. தாளைக் கையில் வாங்கிப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால், படித்துச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். கர்ப்பப்பையை எடுப்பதற்கு 'ஹிஸ்டரெக்டமி' என்று பெயர். வயிற்றைத் திறந்து எடுத்தால் 'டி.ஏ.எச்.' என்று சுருக்கி எழுதுவார்கள். பக்கத்தில் 'பி.எஸ்.ஓ.' என்று மூன்று எழுத்து இருந்தால், இரண்டு குழாய்களையும் இரண்டு சினைப்பைகளையும் எடுக்கப் போகிறார்கள் என்று பொருள். அந்த மூன்று எழுத்தைக் கண்டால் நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும். "சினைப்பை நன்றாக இருந்தால் எடுக்கக் கூடாது" என்று தாளிலேயே எழுதச் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடலாம்.

ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். எதை எடுத்தார்கள் என்று பலருக்குத் தெரியாது. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே எழுத்துகள்தான் இருக்கும். 45 வயதுக்கு முன்னால் இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தால், மருத்துவரைப் பார்த்து அதைச் சொல்லுங்கள். மார்பகப் புற்று போன்ற தடை இல்லாதவர்களுக்கு, மாதவிலக்கு இயற்கையாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மருந்து கொடுப்பது வழக்கம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை மட்டும் அதற்கு ஈடாகாது. ரத்த அழுத்தம், சர்க்கரை, எலும்பு மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். சீட்டு தொலைந்துபோயிருந்தால் மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். மூன்று ஆண்டுகள் வரை அவர்கள் அதை வைத்திருக்க வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று விதி இருக்கிறது.