சுமையும் குறியும்



அறம் சொல்ல வந்த குறியீடு எப்போது இலக்கியமாக நிலைக்கிறது என்பது கவிஞர் அவைக்குரிய வினா. தூய்மைவாதக் கிறித்தவரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கிலக் கதையிலிருந்து இதனைத் தொடங்கலாம். பாவமென்னும் மூட்டையை முதுகில் சுமந்து ஒரு பயணி நடக்கிறான். சிலுவையடியில் அது தானே கழன்று விழுகிறது. அங்கே ஒரு குறியீட்டுக்கு ஒரே பொருள்.

வைணவக் குடியிற் பிறந்து 1858-இல் கிறித்தவம் தழுவிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, அக்கதையை ஐந்து பருவங்கள் கொண்ட காப்பியமாக்கி 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' எனத் தந்தார். மூட்டை பனியனுடையது, நடை கம்பனுடையது. பொருள் மாறவில்லை, ஆயினும் தமிழின் பக்தி உருக்கம் அதனை வெறும் போதனையாக விடவில்லை.

அமெரிக்காவின் நத்தானியல் ஹாதார்ன் அதே கதையை 1843-இல் எள்ளலாக்கினார். அவருடைய விண்ணுலக ரயிலில் பயணிகள் மூட்டைகளைச் சரக்குப் பெட்டியில் ஏற்றிவிட்டுச் சுகமாக அமர்கின்றனர்!

தீர்ப்பின் கொடுமை அவர் குடும்ப வரலாற்றிலேயே இருந்தது. 1692-இல் சேலம் நகரில் — தமிழ்நாட்டுச் சேலமன்று, மாசசூசெட்ஸின் சேலம் — சூனியக் குற்றத்துக்காக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்குகளை விசாரித்த நீதிபதிகளுள் ஒருவர் அவருடைய முன்னோர்.

1850-இல் வந்த அவரது 'செந்நிற எழுத்து' நாவலில், மணவாழ்வின் நெறி பிறழ்ந்தவளென ஹெஸ்டரின் மார்பில் 'ஏ' என்னும் எழுத்தை ஊர் சுமத்துகிறது. அவளோ அதனைப் பொன்னிழையால் அழகுறத் தைத்து அணிகிறாள். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஆண்டுக்கணக்கில் அவள் செய்த தொண்டைக் கண்டபின், அதே எழுத்தை 'ஆற்றலுடையவள்' என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாக ஊரார் படிக்கின்றனர்.

தமிழுக்கு இது புதிதன்று. களவுக்குச் சான்றெனக் கைப்பற்றப்பட்ட சிலம்பு, மதுரை அவையில் உடைந்தபோது அரசன் பிழைக்கே சான்றாயிற்று.

தீர்ப்பளிப்போர் குறிக்கு ஒரு பொருள் தருகின்றனர்; அதனைச் சுமப்போரின் வாழ்வு வேறொரு பொருள் தருகிறது. இவ்விரண்டும் மோதுமிடத்திலேதான் இலக்கியம் பிறக்கிறது.

மூக்கண்டப்பள்ளியைச் சூழ்ந்த ஆலைகளின் வாயில்களிலும், மார்பில் எண் தாங்கி நாள்தோறும் நுழைவோர் உளர். அவ்வெண்ணுக்கு ஆலையின் பதிவேடு தரும் பொருள் ஒன்று. அதனைத் தாங்கும் நெஞ்சு தரும் பொருள் மற்றொன்று. அந்த இரண்டாம் பொருளை எழுதுவது, பத்தாண்டு கண்ட இவ்வட்டத்துக் கவிஞர்களின் கடன்.